ஐந்து ரூபாயில் ஆப்பிரிக்கா

சுனாபட்டியிலிருந்து மூன்றாவது ஸ்டேஷனில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் மேய்கின்றன. கூடாரம் வேண்டாம், ஜீப் வேண்டாம். அலைக் கணக்கு தெரிந்தால் போதும். ஆனால் அந்தப் பறவைக்குச் சேறு மட்டும் போதாது.

மும்பையின் சுனாபட்டியில் ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பும் குடும்பம் முதலில் விசாரிப்பது மெகா பிளாக் உண்டா என்றுதான். தண்டவாளப் பராமரிப்பு என்று ஹார்பர் லைனில் பகல் பொழுதில் வண்டிகளை நிறுத்திவிட்டால், போன இடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். டிசம்பர் முதல் மே மாதம் வரை இன்னொரு அட்டவணையையும் பார்த்துவிட்டுக் கிளம்பும் குடும்பங்கள் இங்கே சில உண்டு. அது கடலின் அட்டவணை. ஏற்றம் எத்தனை மணிக்கு, வற்றம் எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கும். மும்பைத் தமிழர்கள் இதைக் கோலி மீனவர்களிடம் கற்ற சொல்லில் 'பர்தி' என்றும் 'ஓஹோட்டி' என்றும் சொல்வார்கள்.

இரண்டு அட்டவணையும் ஒத்துவரும் ஞாயிறு எப்போதோதான் வாய்க்கிறது. வாய்த்த அன்று இட்லியும் மிளகாய்ப் பொடியும் டப்பாவில் ஏறும். பிளாஸ்கில் டீ. சோர் பஜாரில் பேரம் பேசி வாங்கிய பைனாகுலர் பையனின் கழுத்தில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஐம்பது வருஷமாக மும்பையில் இருக்கும் ஆச்சிக்கு மட்டும் இந்தப் பயணத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. "கொக்கு பாக்கவால இம்புட்டுக் காலங்காத்தால எழுப்புன? நம்ம ஊரு குளத்துல இல்லாத கொக்கா?" என்று பேரனைக் கேட்பாள். "கொக்கு இல்ல ஆச்சி, ஃபிளமிங்கோ" என்பான் அவன்.

சுனாபட்டி என்றால் சுண்ணாம்புச் சூளை. பெயர் மட்டும் மிஞ்சிய எத்தனையோ மும்பைப் பேட்டைகளில் இதுவும் ஒன்று. சூளை போயிற்று, ஸ்வதேஷி மில்லின் சங்கும் நின்று பல வருஷமாகிவிட்டது. குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும் இந்தப் பகுதியிலிருந்து தெற்கே போகும் வண்டியில் ஏறினால் ஜி.டி.பி. நகர், வடாலா, மூன்றாவது சிவ்ரி. டிக்கெட் ஐந்து ரூபாய். சிவ்ரியில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வந்தால் துறைமுகத்துக்குச் சொந்தமான கிடங்குகளும் லாரிகளும்தான் கண்ணில் படும். சயானைத் தாண்டினால் ஆட்டோ கிடையாது என்பதால் டாக்சி பிடிக்க வேண்டும், அல்லது புழுதியில் நடக்க வேண்டும். காண்டாமிருகம் கண்ட காட்டுக்குள் போகிற பாதை மாதிரி இது இல்லை. மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும் சேற்று வாடைதான் இடம் வந்துவிட்டது என்பதற்கு முதல் அடையாளம்.

பிறகு கிடங்குச் சுவர்கள் முடிகின்றன. எதிரே வற்றிக்கொண்டிருக்கும் கடல், கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு, அந்தச் சேற்றின் மேல் யாரோ ரோஜா நிறத்தை வாளி வாளியாகக் கொட்டியதுபோல் பறவைகள். ஆச்சி பேசுவதை நிறுத்துவது இந்த இடத்தில்தான்.

வசதியுள்ள மும்பைக் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குக் கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் பறக்கத் தொடங்கி வெகுகாலமாகிறது. மசாய் மாராவில் கூடாரம் போட்டுத் தங்கி, விடியுமுன் ஜீப்பில் ஏறி, சிங்கமும் வரிக்குதிரையும் பார்த்து, அப்படியே பிளவுப் பள்ளத்தாக்கின் உப்பு ஏரிகளில் இளஞ்சிவப்பாக மொய்க்கும் பூநாரைகளையும் பார்த்துவிட்டு வருவார்கள். நபர் ஒன்றுக்கு லட்சங்களில் செலவு. அந்த ஏரிகளில் மொய்க்கும் சிறிய பூநாரையும் சிவ்ரிச் சேற்றில் மேயும் சிறிய பூநாரையும் ஒரே இனம். ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே பறந்து வருகிறது என்று அர்த்தமில்லை; மும்பைக்கு வருபவை பெரும்பாலும் குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில் குஞ்சு பொரிப்பவை. மழை முடிந்து ரண்ணில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் தெற்கே இறங்குகின்றன. குளிர்காலத்தையும் கோடையையும் இங்கே கழித்துவிட்டு, மழைக்கு முன் திரும்பிப் போகின்றன. மும்பைக்குப் பிழைக்க வந்து, சீசனுக்கு ஊர் திரும்பும் மக்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

வருபவை இரண்டு வகை. பெரிய பூநாரை நாலு அடிக்கு மேல் நிற்கும். உடல் ஏறக்குறைய வெள்ளை, அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறிய பூநாரை மூன்று அடியை எட்டாது. ஆனால் நிறத்தில் அதுதான் அழுத்தம், அலகோ கருஞ்சிவப்பு. கூட்டத்தில் பெரும்பான்மை சிறியதுதான். நடுவில் அழுக்குச் சாம்பல் நிறத்தில் நிற்பவை வேறு இனம் அல்ல, இன்னும் நிறம் ஏறாத இளசுகள். பிறவியில் எந்தப் பூநாரையும் சிவப்பில்லை. தின்னும் பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் உள்ள நிறமிதான் இறகில் ஏறுகிறது. கேரட்டுக்கு நிறம் தருவதும் அதே குடும்பத்து நிறமிதான். நன்றாகத் தின்ற பறவை நன்றாகச் சிவக்கிறது. வந்த புதிதில் வெளிறித் தெரியும் கூட்டம் மார்ச், ஏப்ரலில் பளிச்சென்று ஆவது அதனால்தான்.

சாப்பிடும் விதமும் விசித்திரம். தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாகம் கீழே வரும்படி தண்ணீரில் வைத்துக்கொள்கிறது. நாக்கு பம்ப் மாதிரி வேலை செய்து நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்தில் உள்ள நுண்ணிய சல்லடையில் உணவு மட்டும் தங்கிவிடுகிறது. சிறிய பூநாரையின் சல்லடை இன்னும் நெருக்கமானது. கண்ணுக்குத் தெரியாத பாசியையே வடிகட்டிவிடும். ஆயிரம் பறவைகள் ஒரே நேரத்தில் தலை கவிழ்ந்து சேற்றின் மேல் மெதுவாக நகரும்போது, வயலில் நடவு நடக்கிற மாதிரி இருக்கும்.

இவை மும்பையின் பூர்வகுடிகள் அல்ல. 1990-களின் நடுவிலிருந்துதான் சிவ்ரியிலும் எதிரே மாஹுல் பக்கத்திலும் கூட்டமாகத் தென்படத் தொடங்கின. ஏன் இங்கே வந்தன என்ற கேள்விக்கு ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணம் மும்பைக்காரர்களைக் கொஞ்சம் நெளிய வைக்கும். நகரத்தின் சாக்கடை பெருமளவில் தாணே உப்பங்கழியில் போய்ச் சேர்கிறது. அந்தக் கழிவில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உரம். பாசி செழித்தது, அதைத் தின்னும் பறவை வந்தது. செம்பூரின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும், உர ஆலையும், 1927 முதல் குப்பை கொட்டப்படும் தேவ்னார் மலையும் சூழ்ந்த ஒரு கழிமுகம் பறவைகளுக்குச் சொர்க்கமாகும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? இதை மாசுக்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உரம் அளவு மீறினால் நீரில் பிராணவாயு தீர்ந்து மீனும் புழுவும் சாகும். ஆலைக் கழிவின் உலோகங்கள் சேற்றில் படிந்தால் அதைச் சலித்துத் தின்னும் பறவையின் உடம்பில்தான் சேரும்.

பறவைகள் மட்டுமல்ல. செம்பூர், டிராம்பே கரையோரக் கண்டல் காடுகளில் நரிகள் இன்றும் இருக்கின்றன. போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் சிறுத்தைகள் உலவுகின்றன. நகர எல்லைக்குள் இப்படி நூறு சதுர கிலோமீட்டர் காடு வைத்திருக்கும் பெருநகரம் உலகத்தில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. தாராவியை ஒட்டி, சயானிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் குப்பைமேடு. அங்கே 1983-ல் மரம் நடும் பணியைத் தொடங்கி வைத்தவர் பறவையியல் அறிஞர் சலீம் அலி. இன்று 37 ஏக்கர் காடாக நிற்கிறது. வீட்டிலிருந்து பஸ் தூரத்தில் இத்தனை இருக்கும்போது சுனாபட்டிப் பிள்ளைகள் புலியையும் யானையையும் டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வேடிக்கை.

சிவ்ரிக்குப் போவதில் ஒரு சூட்சுமம் உண்டு. போன நேரத்தில் எல்லாம் பறவை கிடைக்காது. கடல் முழுக்க ஏறியிருந்தால் சேறே இருக்காது, பறவையும் இருக்காது. முழுக்க வற்றிவிட்டால் சேறு மைல் கணக்கில் விரிந்து, பறவைகள் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். சோர் பஜார் பைனாகுலருக்கு அது எட்டாது. இரண்டுக்கும் நடுவே, தண்ணீர் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும் மணி நேரங்களில்தான் அவை கரைக்கு அருகே வரும். அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். மும்பையில் சில நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் நாலு மீட்டரைத் தாண்டும் என்பதால் காட்சி கண்ணெதிரே மாறும். ஆப்பிரிக்கக் காட்டில் ஜீப் டிரைவர் சிங்கத்தைத் தேடிப் போவார். இங்கே உட்கார்ந்த இடத்தில் கடல் பறவையைத் தள்ளிக்கொண்டு வந்து காட்டுகிறது. இட்லி டப்பாவைத் திறக்க அவகாசம் தாராளமாக இருக்கும்.

சரி, கடல் ஏறிய பிறகு அத்தனை ஆயிரம் பறவைகளும் எங்கே போகின்றன? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அநேகமாக யாரும் கேட்காத கேள்வி இது. மும்பையின் பூநாரைகள் பிழைக்குமா பிழைக்காதா என்பது இதற்கான பதிலில்தான் இருக்கிறது.

கழியின் மேட்டு ஓரங்களில் உள்ள ஆழமில்லாத நீர்நிலைகளுக்குப் போகின்றன. நவி மும்பையில் நெருல், சீவுட்ஸ் பகுதிக் குளங்கள். வடக்கே பாண்டுப் பக்கத்து நீர்நிலைகள். அங்கே ஒற்றைக் காலில் நின்று இளைப்பாறிவிட்டு, கடல் இறங்கியதும் மறுபடி சேற்றுக்கு வருகின்றன. ஆக இந்தப் பறவைக்கு வேலைத்தலம் ஒன்று, வீடு ஒன்று. நடுவே தினமும் இரண்டு ஷிப்ட் பயணம். வீட்டை இடித்துவிட்டு, ஆலையை விட்டுவைத்தோமே என்று சொன்னால் தொழிலாளி என்ன செய்வான்?

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2015-ல் தாணே உப்பங்கழியின் மேற்குக் கரையில் ஏறத்தாழ 1,690 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக மகாராஷ்டிர அரசு அறிவித்தது. அதில் பாதிக்கு மேல் கண்டல் காடு, மிச்சம் நீர்ப்பரப்பு. 2022-ல் கழியின் 6,521 ஹெக்டேர் ராம்சார் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாயிற்று. ஐரோலியில் வனத்துறையின் கடலோர உயிரின மையத்திலிருந்து படகில் கூட்டிப்போய்ப் பறவை காட்டுகிறார்கள். ஆனால் சரணாலயம் ஐரோலி பாலத்துக்கும் வாஷி பாலத்துக்கும் நடுவே உள்ளது. குடும்பங்கள் போய் நிற்கும் சிவ்ரி அதற்குத் தெற்கே, வெளியே. பறவை இளைப்பாறும் நெருல், சீவுட்ஸ் குளங்களும் சரணாலயக் கோட்டுக்கு வெளியே. வரைபடத்தில் கோடு போட்டவர்கள் சாப்பாட்டு அறையில் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டு, படுக்கை அறையை விட்டுவிட்டார்கள்.

வெளியே விட்ட இடங்களுக்கு வேறு ஆசைகள் முளைத்தன. சீவுட்ஸ் பகுதி நீர்நிலையில் கோல்ஃப் மைதானமும் கட்டடங்களும் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்துக் குடியிருப்பவர்களே வழக்குப் போட்டார்கள். 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் திட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நெருலில் ஒரு குளத்துக்குக் கடல்நீர் வரும் வழி அடைபட, 2024-ல் குளம் வறண்டு பறவைகள் செத்தன. அதே வருஷம் நெருல் படகுத்துறை அருகே வைத்திருந்த ஒரு பெரிய விளம்பரப் பலகையில் பூநாரைகள் மோதி விழுந்த பிறகு பலகையை அகற்றினார்கள்.

சிவ்ரியிலேயே ஒரு பெரிய மாற்றம். 2018-ல் வேலை தொடங்கி, 2024 ஜனவரி 12-ஆம் தேதி திறக்கப்பட்ட அடல் சேது, மொத்தம் 21.8 கிலோமீட்டர், இந்தச் சேற்றின் மேலிருந்துதான் கடலுக்குள் கிளம்புகிறது. பறவைகளுக்காக இந்தப் பகுதியில் சத்தத் தடுப்புகள் வைத்திருக்கிறார்கள். பாலம் வந்தால் பறவை அடியோடு போய்விடும் என்று பயந்தவர்கள் சொன்னது நடக்கவில்லை. ஒன்றும் ஆகாது என்று சொன்னவர்கள் சொன்னதும் முழுக்க நடக்கவில்லை. கட்டுமான வருஷங்களில் கூட்டத்தின் ஒரு பகுதி வடக்கேயும் நவி மும்பைப் பக்கமும் நகர்ந்தது. 2019-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் எடுத்த கணக்கில் மும்பை வட்டாரத்தில் மட்டும் பூநாரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. 1883-லிருந்து இயங்கும் இந்தக் கழகம் 2022-ல் ஆறு பூநாரைகளின் உடலில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவியைப் பொருத்தியது. ஒன்றுக்கு சலீம் அலியின் நினைவாக சலீம் என்றும், இன்னொன்றுக்கு ஹுமாயூன் அப்துல் அலியின் நினைவாக ஹுமாயூன் என்றும் பெயர். மும்பைச் சேற்றுக்கும் குஜராத் உப்பு நிலத்துக்கும் உள்ள உறவு அதுவரை ஊகம். இப்போது வரைபடத்தில் கோடாக விழுகிறது.

சுனாபட்டியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் நடந்தது ஒன்று மும்பைக்காரர்களுக்கு மறக்காது. 2024 மே 20-ஆம் தேதி இரவு, காட்கோபரில் குடியிருப்புகளின் நடுவே வானத்திலிருந்து பூநாரைகள் விழுந்தன. துபாயிலிருந்து வந்து தரையிறங்கிக்கொண்டிருந்த விமானம் பறக்கும் கூட்டத்தில் மோதியிருந்தது. விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. தெருக்களில் பொறுக்கி எடுத்த பறவைகள் ஏறத்தாழ 40. ஏன் அவை அந்தப் பாதையில் வந்தன என்பதில் இன்றும் ஒரே கருத்து இல்லை. இளைப்பாறும் குளங்களில் தொந்தரவு ஏற்பட்டதால் இரவில் கிளம்பியிருக்கும் என்று சூழல் ஆர்வலர்கள் சொன்னார்கள். மின்கம்பிப் பாதையைத் தவிர்க்கப் போய்த் தடம் மாறியிருக்கும் என்றும் பேச்சு எழுந்தது. கழிக்கு அந்தப் பக்கம் நவி மும்பையின் புதிய விமான நிலையத்திலிருந்து 2025 டிசம்பரில் விமானங்கள் பறக்கத் தொடங்கிவிட்டன. பறவைகள் தரையில் எங்கே நிற்கும் என்பதை அறிந்து அந்த இடத்தைக் காப்பாற்றுவது இனி பறவைக்காரர்களின் கவலை மட்டுமல்ல, விமானப் பயணியின் கவலையும்தான்.

ஆப்பிரிக்காவில் பூநாரை பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். கென்யாவின் நகுரு ஏரி ஒரு காலத்தில் பூநாரைக்கே பெயர் போனது. 2010-க்குப் பிறகு ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனதில் உப்பு நீர்த்து, பாசி குறைந்து, பறவைகள் பொகோரியா போன்ற ஏரிகளுக்குப் போய்விட்டன. தான்சானியாவின் நாட்ரான் ஏரிதான் கிழக்கு ஆப்பிரிக்கச் சிறிய பூநாரைகளின் பிரசவ அறை. அதன் கரையில் சோடா சாம்பல் ஆலை கட்டும் திட்டத்தில் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட டாடா கெமிக்கல்ஸ் பங்கேற்றது; உலகளாவிய எதிர்ப்புக்குப் பிறகு 2008-ல் விலகிக்கொண்டது. மும்பைக்கும் ஆப்பிரிக்கப் பூநாரைக்கும் இப்படியும் ஒரு தொடர்பு.

தமிழ்நாட்டு வாசகர்கள் சிவ்ரி வரை வரவேண்டியதில்லை. கோடியக்கரையில் பெரிய பூநாரைகளைக் காலங்காலமாகப் பார்க்கலாம். பழவேற்காடு ஏரியும் அவற்றுக்குப் பழகிய இடம். தனுஷ்கோடியில் 2025-ல் ஏறத்தாழ 525 ஹெக்டேர் பரப்பைப் பெரிய பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. சிறிய பூநாரையை இந்த அளவுக்குக் கூட்டமாகப் பார்க்க மட்டும் குஜராத்துக்கோ மும்பைக்கோதான் வர வேண்டும்.

சிவ்ரிக் கரையில் பத்தரை மணியாகிறது. தண்ணீர் ஏறிச் சேற்றின் கடைசித் திட்டையும் மூடப்போகிறது. முழங்கால் நனைந்த பறவைகள் கழுத்தை நீட்டுகின்றன. முதலில் ஒரு வரிசை, பின்னால் இன்னொன்று, ஓடி ஓடித் தண்ணீரை உதைத்துக்கொண்டு எழும்புகின்றன. மடித்து வைத்திருந்த இறக்கையை விரித்ததும் உள்ளே ஒளிந்திருந்த கருஞ்சிவப்பும் கறுப்பும் தெரிகிறது. பாலத்தின் மேல் கார்கள் ஓடிக்கொண்டிருக்க, கூட்டம் கிழக்கே, நவி மும்பைப் பக்கம் திரும்புகிறது.

"எல்லாம் எங்கலே போகுது?" என்கிறாள் ஆச்சி.

"தூங்கப் போகுது ஆச்சி. தண்ணி இறங்குனா வரும்."

"எத்தன மணிக்கு?"

பையன் அப்பாவின் போனை வாங்கி அட்டவணையைத் தேடுகிறான். பதினொரு மணிக்கு மேல் மெகா பிளாக். சிவ்ரி ஸ்டேஷனுக்கு வேகமாக நடக்க வேண்டியிருக்கிறது.